'ஈமான் பலவீனம்' என்று சொல்லிக் கடந்து போகலாமா?

தற்கொலைச் செய்தி வந்தால் நம் மஹல்லாக்களில் உடனே எழும் பேச்சு, 'ஈமான் பலவீனம்' என்பதுதான். தற்கொலை ஹராம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளியது எது என்ற கேள்விக்கு இது பதிலாகாது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். தமிழகத்தில் மட்டும் 19,834 பேர். நாடு முழுவதும் இப்படி இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள்.

மருத்துவம் முதலில் உடலைப் பார்க்கிறது. மூளையில் செரோட்டோனின் போன்ற வேதிப்பொருட்களின் செயல்பாடு மாறுவது, மனச்சோர்வு நோய், ரத்த உறவில் முன்பு நடந்த தற்கொலை, தீராத வலி, மது ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. பிரசவத்துக்குப் பின் தாய்மார்களுக்கு வரும் மனச்சோர்வும் இதில் சேரும்.

அடுத்தது சூழல். ஓசூர் சிப்காட்டை நம்பி வெளியூரிலிருந்து வந்து, வாடகை அறையில் தங்கி, ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெட்டு, ஒப்பந்த வேலை நிலைக்குமா என்ற கவலையோடும் கடன் தவணையோடும் வாழும் இளைஞர்கள் ஏராளம். மனம் விட்டுப் பேச ஆளில்லை. இவற்றில் ஏதோ ஒன்று மட்டும் காரணமாவது அரிது. உடலின் பாதிப்பும் சூழலின் நெருக்கடியும் சேரும்போதே ஆபத்து முற்றுகிறது.

சூழலை மாற்றி உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு இலங்கை சாட்சி. 1995இல் அங்கே லட்சம் பேரில் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. 2005இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ பாதியானது. இடைப்பட்ட பத்தாண்டில் மக்களின் இறையச்சம் இரட்டிப்பாகிவிட்டதா? இல்லை. உயிரை மாய்க்கத் தூண்டும் வேகம் பெரும்பாலும் சற்று நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். தக்காளியும் பூவும் விளையும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வையுங்கள்.

மகனைப் பிரிந்த துயரத்தில் யஅகூப் (அலை) அவர்கள் பார்வையையே இழந்தார்கள். அதை யாரும் ஈமான் குறைவு என்பதில்லை. நோய்க்கு மருத்துவம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். மனநோய்க்கும் அது பொருந்தும். ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதுகிறது. சட்டம் காட்டும் இந்தப் பரிவை ஜமாஅத்தும் காட்டட்டும். பள்ளிக்கு வரும் வெளியூர்ப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரியுங்கள். சந்தேகம் வந்தால், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது, பாரம் இறங்கும். அவரைத் தனியே விடாதீர்கள். டெலி மனஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் 24 மணி நேரமும் இலவச ஆலோசனை கிடைக்கும்.