நகைப்பெட்டி: சிவப்பெல்லாம் மாணிக்கம் அல்ல!

கண்ணகி தன் சிலம்பை உடைத்தபோது தெறித்தது மாணிக்கம். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்ததோ முத்து. உள்ளே இருப்பது என்ன என்று முதலிலேயே பார்த்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். இன்று கல்லைப் பார்க்காமல் வாங்குவதால் உயிர் போவதில்லை. ஆனால், சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் போய்விடுகிறது.

ஜூலை மாதம் பிறந்தவர்களுக்கு மாணிக்கம் என்று கடைகளில் விளம்பரம் களைகட்டுகிறது. மகளுக்குக் கம்மல், மருமகளுக்கு மோதிரம் என்று பலரும் கேட்டு வாங்குகிறார்கள். வாங்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

மாதக் கல்லா, ராசிக் கல்லா?

இரண்டும் வேறு. ஜூலைக்கு மாணிக்கம் என்ற இன்றைய பட்டியல், 1912-ல் அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் வகுத்தது. நம் மரபில் மாணிக்கம் சூரியனுக்கு உரியது. அதனால்தான் நவரத்தின மோதிரத்தில் அது நடுவில் அமர்கிறது. சிம்ம ராசிக்கும் அதையே சொல்வார்கள். ஜூலையில் பிறந்தவரின் ராசி எதுவாகவும் இருக்கலாம் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டியதில்லை. மேல்நாட்டில் 40-வது திருமண நாளுக்கும் மாணிக்கம்தான் பரிசு.

எந்த நம்பிக்கையில் வாங்கினாலும் சரி, கையில் வருவது என்ன கல் என்பது தெரிந்தே ஆக வேண்டும். விலையும் பராமரிப்பும் அதைப் பொறுத்தவை.

ஒரே சிவப்பு, நான்கு கல்

மாணிக்கம் என்பது குருந்தக்கல் வகை. அதில் கலந்திருக்கும் சிறிதளவு குரோமியம்தான் சிவப்பைத் தருகிறது. நீலக்கல்லும் இதே குடும்பம்தான். கடையில் 'மாணிக்கம்' என்ற பெயரில் நான்கு விதமான கற்கள் கிடைக்கின்றன.

* இயற்கையானது: வெட்டி மெருகேற்றியதைத் தவிர வேறு எதுவும் செய்யப்படாத கல். நல்ல நிறத்தில் கிடைப்பது அரிது; விலை மிக அதிகம். மியான்மரின் மோகோக் நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற ஊர். இப்போது மொசாம்பிக்கும் முக்கிய இடம். அங்கே கிடைத்த 55.22 காரட் மாணிக்கம் 2023-ல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 3.48 கோடி டாலருக்குப் போனது.

* சூடேற்றியது: நிறமும் தெளிவும் கூடுவதற்காக உலையில் சூடேற்றப்பட்ட இயற்கைக் கல். இது வியாபாரத்தில் ஏற்கப்பட்ட வழக்கம். கல்லும் உறுதியாகவே இருக்கும். ஆனால், சொல்லி விற்க வேண்டும்.

* கண்ணாடி நிரப்பியது: விரிசல் நிறைந்த மட்டமான கல்லில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பியிருப்பார்கள். பார்வைக்குத் தெளிவாக, பெரிதாக, மலிவாக இருக்கும். அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான்.

* ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது: 1902-ல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயி அறிவித்த முறையில் தொடங்கியது. இயற்கைக் கல்லில் உள்ள அதே பொருள்தான். கைக்கடிகாரத்தின் உள்ளே இருக்கும் சிவப்புக் கற்களும் இவையே. அழகுக்காக அணிய நல்ல கல். ஆனால், இயற்கைக் கல்லின் விலையைக் கொடுத்தால் நஷ்டம்.

இவை தவிர, மாணிக்கமே அல்லாத சிவப்புக் கற்களும் உண்டு. பிரிட்டன் மன்னரின் மகுடத்தில் முன்பக்கம் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினல் என்ற வேறொரு கல். அரண்மனையிலேயே அப்படி என்றால் அங்காடியில் கேட்கவா வேண்டும்! கோயில் நகைகளில் பதிக்கும் கெம்பிலும் இன்று பெரும்பாலும் கண்ணாடியோ செயற்கைக் கல்லோதான். அதற்கேற்ற விலை என்றால் அதில் தவறில்லை.

பால் சோதனை வேண்டாம்

பாலில் போட்டால் பால் சிவக்கும், கண்ணாடியைக் கீறினால் அசல் என்றெல்லாம் சொல்வார்கள். சிவப்புக் கல் எதுவானாலும் அதன் நிழல் பாலில் சிவப்பாகத்தான் தெரியும். செயற்கை மாணிக்கமும் கண்ணாடியைக் கீறும். வீட்டுச் சோதனையை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. பெரிய தொகை என்றால் ரத்தினப் பரிசோதனைக்கூடத்தின் சான்றிதழ் கேளுங்கள். அதில் மூன்று விவரம் இருக்கிறதா பாருங்கள்: கல்லின் பெயர், இயற்கையா செயற்கையா என்பது, சூடேற்றுதல் அல்லது கண்ணாடி நிரப்புதல் செய்யப்பட்டதா என்பது.

கடையில் கவனிக்க

* கடையின் விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கருத்தும் போகாமல் வெளுத்தும் போகாமல் இருக்கும் அடர்சிவப்பே உயர்ந்தது.

* லென்ஸில் பாருங்கள். இயற்கைக் கல்லில் மெல்லிய இழைகளோ புள்ளிகளோ இருப்பது சகஜம். கல்லை அசைக்கும்போது உள்ளே நீலப் பளிச்சிடலும் குமிழிகளும் தெரிந்தால் கண்ணாடி நிரப்பியதாக இருக்கலாம்.

* தங்கத்துக்குக் காரட் என்பது சுத்தம். கல்லுக்குக் காரட் என்பது எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம். ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம்.

* ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே. கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பில்லில் கல் எடை தனியாகவும், தங்கத்தின் நிகர எடை தனியாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் தங்கத்தின் விலையையே கொடுத்துவிட்டு, விற்கும்போது அந்த எடையைக் கழித்துக்கொள்வதைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும்.

* திருப்பிக் கொடுத்தால் கல்லுக்கு என்ன கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பராமரிப்பு

மாணிக்கத்தின் கடினத்தன்மை பத்துக்கு ஒன்பது. அதைக் கீறக்கூடியது வைரம். மாணிக்கமோ முத்தையும் தங்கத்தையும் கீறும். ஆகவே ஒவ்வொரு நகையையும் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். கல்லின் பின்பக்கம் சேரும் எண்ணெய், மஞ்சள், சந்தனம் ஆகியவற்றை மிருதுவான பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து எடுத்து, பருத்தித் துணியால் ஒற்றுங்கள். பற்பசையும் சோடாப்பும் வேண்டாம். அவை தங்கத்தைத் தேய்க்கும்.

கண்ணாடி நிரப்பிய கல்லுக்கு எலுமிச்சையும் புளியும் ஆகவே ஆகாது. புளிப்பு அந்தக் கண்ணாடியை அரித்து, விரிசல்களை வெளியே காட்டிவிடும். பாத்திரம் தேய்க்கும்போதும், எலுமிச்சை பிழியும்போதும் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். அடிப்பக்கம் மூடிக் கட்டிய கெம்பு நகையைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. உள்ளே இருக்கும் பளபளப்புத் தாள் கறுத்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

மோதிரத்தைப் பெரிதாக்கவோ ஒட்டவைக்கவோ கொடுக்கும்போது என்ன கல் என்பதைப் பத்தரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணாடி நிரப்பிய கல் நெருப்பின் சூட்டைத் தாங்காது. கல்லைக் கழற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை கல் ஆடுகிறதா என்றும் காட்டிக்கொள்ளுங்கள்.

சான்றிதழையும் பில்லையும் போனில் படமெடுத்து வைப்பதோடு, நகை இருக்கும் பெட்டியிலேயே அசலையும் வையுங்கள். நாளை அந்த நகை மகளுக்கோ பேத்திக்கோ போகும்போது, இது என்ன கல் என்ற விவரமும் சேர்ந்தே போகட்டும்.