மதிலும் கதவும்

சர்க்கார் ஆலயங்களை விட்டு அடியோடு வெளியேற வேண்டும் என்று வாதிப்போர் இன்று நமது நாட்டில் பலர். "பிரான்ஸ் தேசத்தைப் பாருங்கள், அங்கே மதத்துக்கும் ராஜாங்கத்துக்கும் இடையே மதில் எழுப்பிவிட்டார்கள்" என்று அவர்கள் கூறுகின்றனர். பிரான்ஸைப் பார்ப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பார்ப்பதானால் முழுவதையும் பார்க்க வேண்டும். பார்த்தபின் நமது கரிசல் சீமையையும் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

1801-ல் நெப்போலியன் போப்பாண்டவருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில், பிரான்ஸில் பாதிரிமார் சர்க்காரிடம் சம்பளம் பெற்று வந்தனர். கல்வியிலும் ராஜீய விவகாரங்களிலும் திருச்சபையின் கை ஓங்கியிருந்தது. அந்தப் பிடியை அறுக்கவே 1905 டிசம்பர் 9-ல் சட்டம் பிறந்தது. மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கு அது உறுதி கூறிற்று. எந்த மதத்தையும் குடியரசு அங்கீகரிக்காது, சம்பளமோ மானியமோ கொடாது என்றும் விதித்தது.

ஆயினும் அந்த மதிலிலும் வாயில்கள் உண்டு. 1905-ல் ஜெர்மனி வசமிருந்த அல்ஸாஸ், மோஸெல் பிரதேசங்களில் இன்றும் பாதிரிமாருக்குச் சர்க்கார்தான் சம்பளம் கொடுக்கிறது. 2019-ல் தீக்கிரையாகி 2024-ல் மீண்டும் திறக்கப்பட்ட பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயம் சர்க்கார் சொத்தேயாகும். மறுபுறம், 2004-ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம் மாணவியின் தலைத்துணியையும் சீக்கிய மாணவனின் தலைப்பாகையையும் சர்க்கார் பள்ளிக்கூட வாசலிலேயே களையச் சொல்லுகிறது. ஒதுங்கி நிற்பதாகச் சொன்ன சர்க்கார் குழந்தைகளின் தலை மீது கை வைப்பது எவ்வகையில் ஒதுங்குதலாகும்?

இனி நமது கதைக்கு வருவோம். 1817-ஆம் வருஷத்து ரெகுலேஷன் மூலம் சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வையைக் கும்பினியார் ஏற்றனர். பிற்பாடு சர்க்கார் அந்தப் பொறுப்பைக் கைகழுவி, 1863-ஆம் வருஷத்துச் சட்டத்தால் கோயில்களைத் தர்மகர்த்தாக்களிடமும் கமிட்டிகளிடமும் ஒப்புவித்தது. அதற்கு நடுநிலைமை என்று பெயர். அதன் பலனைக் காணப் பாரிஸ் வரை போக வேண்டாம். கடம்பூர் ஸ்டேஷனில் இறங்கி வடமேற்கே போனால் கழுகுமலை. தேரோடும் வீதியில் ஊர்வலம் போக யாருக்குப் பாத்தியதை என்ற பிணக்கு முற்றி, 1895-ல் பங்குனித் திருவிழாவின்போது அங்கே கலகம் மூண்டு உயிர்கள் பலியாயின. கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் பிரவேசிக்கலாகாது என்பதை 1908-ல் பிரிவி கௌன்ஸிலும் ஊர்ஜிதம் செய்தது. சர்க்கார் ஒதுங்கி நின்றது. வழக்கம் ஆட்சி செலுத்திற்று. கதவு மூடியே கிடந்தது.

அந்தக் கதவு தானே திறந்துகொள்ளவில்லை. 1939 ஜூலை 8-ல் ஸ்ரீ வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட வகுப்பாரையும் ஒரு நாடார் அன்பரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி சந்நிதிக்குச் சென்றார். ராஜாஜி சர்க்கார் சட்டம் செய்து அக்காரியத்துக்குப் பாதுகாப்பளித்தது. 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் வழி திறந்தது. பொது இந்து ஆலயங்களைச் சகல வகுப்பாருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யலாம் என்று நமது அரசியல் சாசனத்தின் 25-வது ஷரத்து கூறுவது இந்த அநுபவத்தின் சாரமே. பிரான்ஸ் தேசத்தார் பாதிரியின் அதிகாரத்துக்கு அஞ்சி மதில் எழுப்பினர். நாம் பூட்டிய கதவைத் திறக்கச் சாவி செய்தோம். நோய் வேறு, மருந்தும் வேறு.

ஆனால் கதவைத் திறக்க வாங்கிய சாவியைக் கொண்டு சர்க்கார் கருவூலத்தையும் திறந்துகொள்ளலாமா? கூடாது என்பதே நமது துணிபு. சமயச் சடங்குகள் அந்தந்தச் சமயத்தாரைச் சேர்ந்தவை, சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம் என்று 1954-ல் ஷிரூர் மடத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. ஒழுங்குபடுத்துவது வேறு, எஜமானாக அமர்வது வேறு. இந்து ஆலயங்களின் அன்றாட நிர்வாகத்தில் மட்டும் உத்தியோகஸ்தர்கள் இவ்வளவு தூரம் இறங்குவதேன் என்று பக்தர்கள் கேட்பதில் நியாயமில்லாமலில்லை. உண்டியல் பணம் ஆலயத்துக்கும் அதன் தர்மங்களுக்கும் செலவாக வேண்டும். திருவிழாப் பந்தல் கட்சி மேடையாகக் கூடாது.

அதற்குப் பரிகாரம் 1863-க்குத் திரும்பிப் போவதன்று. அன்றாட நிர்வாகம் எல்லா வகுப்பாரும் இடம்பெறும் பக்தர் சபைகளிடம் செல்லட்டும். இரண்டை மட்டும் சர்க்கார் ஒருபோதும் கைவிடலாகாது: ஒன்று கணக்குத் தணிக்கை, மற்றொன்று கதவு. கடம்பூர்க் கரிசலில் பாடுபடும் கடைசி மனிதன் கூசாமல் சந்நிதிக்குச் சென்று திரும்ப வேண்டும். அவனை எவரும் தடுக்காதிருக்கிறார்களா என்று சர்க்கார் பார்க்கட்டும். உள்ளே அவன் என்ன வேண்டிக்கொள்கிறான் என்பது அவனுக்கும் ஆண்டவனுக்கும் உள்ள விஷயம்.