சிறு காண்டிராக்டருக்குக் காலத்தில் பணம்

கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பேருந்து முனையத்தையும், நெம்மேலிக் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களையும், பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் எழுந்துள்ள அடுக்குமாடிகளையும் காண்போர் பெரிய கம்பெனிகளின் பெயரையே நினைவில் கொள்கிறார்கள். ஆனால் செங்கற்பட்டு ஜில்லாவில் கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திற்குச் சென்று விசாரித்தாலும், சென்ட்ரிங் அடிப்பவரும், கம்பி கட்டுபவரும், பூச்சு வேலையை ஏற்றவரும் பத்திருபது ஆட்களை வைத்து ஜீவனம் நடத்தும் சிறு காண்டிராக்டர்களாகவே பெரும்பாலும் இருக்கக் காணலாம்.

இவர்கள் சனிக்கிழமைதோறும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி பட்டுவாடா செய்தாக வேண்டும். ஜல்லியும் எம்-சாண்டும் லோடு இறங்கியவுடன் பணம் கேட்கும். செய்த வேலையை அளந்து, பில் பாஸாகி, ரொக்கம் கைக்கு வருவதற்குள்ளோ மாதங்கள் கழிந்து, வீட்டு நகை அடகுக்கடைக்குப் போய்விடுகிறது. அதாவது, சிறியவர் வட்டிக்கு வாங்கிய பணத்தில் பெரியவர் வட்டியின்றிக் கட்டடம் எழுப்புகிறார்; இது அநியாயம்.

சிறுதொழிலுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ஆயினும் பொருளும் உழைப்பும் பிரிக்கவொண்ணாது கலந்த கட்டட ஒப்பந்தத்திற்கு அச்சட்டம் பொருந்தாதென்று சில உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளமையால், செங்கல் விற்றவருக்குள்ள பாதுகாப்பு அச்செங்கல்லை வைத்துச் சுவர் எழுப்பியவருக்கு உறுதியாக இல்லை.

காலத்தில் பணம் கொடுத்தால் வேலையின் தரம் கெடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களும் சிறு தொழில்களே. 1957இல் அங்கே தொடங்கிய சிற்பக் கல்லூரியில் பயின்றவர்கள் பலர் அவற்றை நடத்துகிறார்கள். கோயில் திருப்பணிக்கு விக்கிரகம் வேண்டுவோரிடம் அச்சாரம் பெற்றபின் உளியை எடுப்பதே அவர்களுடைய சம்பிரதாயம்; அதனால் சிற்பத்தின் சிறப்பு குன்றிவிட்டதாக எவரும் சொல்லவில்லை.

சிறு காண்டிராக்டர் வேலையை இழுத்தடிக்கிறார், தரத்தைக் குறைக்கிறார் என்ற குறை பொய்யன்று. ஆனால் கூலிக்கு வழியற்றவரிடம் தேர்ந்த மேஸ்திரி தங்குவாரா? அவர் அடுத்த வேலையிடத்துக்குப் போய்விட, பழகாத கைகள் கலவை குழைக்கின்றன.

ஆகையால் பார்லிமெண்ட் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்திக் கட்டட ஒப்பந்தங்களையும் அதனுள் ஐயமறச் சேர்க்க வேண்டும். அதுவரையில், மாநில சர்க்கார் தான் கட்டும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் டெண்டர் விடுகையில், துணைக் காண்டிராக்டருக்கு 45 நாட்களில் பணம் கொடுத்ததற்கு ரசீது காட்டினாலன்றிப் பெரிய கம்பெனியின் அடுத்த பில் பாஸாகாது என்ற நிபந்தனையை எழுதிவைக்கலாம்.