யார் கைக்கு அளவெடுத்தார்கள்?

2014 ஜனவரியில், கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே செய்தது என்று சொல்லி ஒரு ரிவால்வரை விற்பனைக்கு விட்டது. பெயர் ‘நிர்பீக்’, அச்சமற்ற என்று பொருள். 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த பெண்ணுக்கு ஊடகங்கள் சூட்டிய ‘நிர்பயா’ என்ற பெயரை அப்படியே திருப்பிப் போட்ட பெயர் அது. காலிபர் .32. எடை அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். விலை 1,22,360 ரூபாய். அரக்கு நிற நகைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

நகைப்பெட்டியில்! செத்துப்போன ஒரு பெண்ணின் பெயரில் ஆயுதம் செய்தவர்களுக்கு, வாங்கப்போகிற பெண்ணைப் பற்றித் தோன்றிய முதல் யோசனை அதுதான். அவள் விரல் எவ்வளவு நீளம், உள்ளங்கை எவ்வளவு அகலம் என்ற கேள்வி அந்த விளம்பரத்தில் எங்கும் இல்லை. சின்னது, லேசானது, கைப்பையில் அடங்கும். இவ்வளவுதான் பெண்ணுக்கு ஏற்றது என்பதற்கு அவர்கள் சொன்ன இலக்கணம்.

இந்த இலக்கணம் பொய். எப்படிப் பொய் என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆயுதத்தைப் பற்றிப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

தோட்டா முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். ஒரே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், அது ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் கையை உதைக்கும். பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். அமெரிக்காவில் சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனம் ‘பிங்க் லேடி’ என்று ஒரு ரிவால்வர் விற்கிறது. ரோஜா நிறம், சுமார் 340 கிராம். அதற்குள் போடுவது .38 ஸ்பெஷல் தோட்டா. அதே தோட்டாவைப் பல காலம் அமெரிக்கக் காவலர்கள் ஒரு கிலோவை நெருங்கும் எஃகு ரிவால்வரில் போட்டுச் சுட்டார்கள். ஆக, ஆறடி ஆணுக்கு உதைப்பைத் தாங்கிக்கொள்ள எடை கொடுத்தார்கள். பெண்ணிடம் எடையைப் பறித்துக்கொண்டு நிறத்தைக் கொடுத்தார்கள். நாலு தோட்டா சுட்டதும் உள்ளங்கை கன்றிப்போய், “எனக்கு இது சரிப்படாது” என்று அவள் வைத்துவிட்டால், பார், பெண்ணால் முடியாது என்பார்கள்.

அடுத்தது விசை. “ரிவால்வர்தான் பெண்களுக்குச் சுலபம், பிஸ்டலின் ஸ்லைடை இழுக்கப் பலம் போதாது” என்பது துப்பாக்கிக் கடைக்காரர்களின் வேதவாக்கு. ஸ்லைடை இழுப்பதற்குப் பலத்தைவிடப் பழக்கம்தான் முக்கியம். ஸ்லைடை ஒரு கையால் இறுகப் பற்றி, பிடியை மறு கையால் முன்னோக்கித் தள்ளினால் சின்ன உடம்புக்காரிக்கும் வரும். ஆனால் ரிவால்வரின் சுத்தியலை முதலில் மடக்காமல் நேரே விசையை அழுத்தினால், ஒற்றை ஆள்காட்டி விரல் ஐந்து கிலோவுக்கு நெருக்கமான இழுவையை இழுக்க வேண்டியிருக்கும். அரைக் கிலோப் பொருளைப் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப் போலப் பத்து மடங்கு இழுவை; அது ஆடாமல் எப்படி இருக்கும்? சுலபமானது என்று கொடுத்தது உண்மையில் கஷ்டமானது.

அப்படியென்றால் கைக்கு அடங்குவது என்றால் என்ன? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவு பிடியின் முதுகில் எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே உட்கார வேண்டும். குழல் முன்கையின் நீட்சியாக நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். அந்த நிலையிலிருந்து மாறாமல் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையின் நடுவில் படிய வேண்டும். பிடியின் முதுகிலிருந்து விசை வரையுள்ள தூரம்தான் முதல் அளவு. விரல் குட்டையாக இருந்து அந்தத் தூரம் எட்டாவிட்டால் என்ன செய்வாள்? துப்பாக்கியை உள்ளங்கையில் பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்பாள். உதைப்பு முழுவதும் கட்டைவிரல் மூட்டில் இறங்கும், குறி ஒரு பக்கமாக விலகும். பயிற்றுநர் சத்தம் போடுவார்.

கதிர் அறுக்கப் போகிற பெண் பட்டறையில் அரிவாளைக் கையில் பிடித்து, வீசிப் பார்த்து, பிடி உருண்டையாக இருந்தால் இழைத்துத் தரச் சொல்லித்தான் வாங்குவாள். அதைப் பெரிய உரிமைப் போராட்டம் என்று யாரும் சொல்லவில்லை. கருவி கைக்குத்தான் அமைய வேண்டும், கை கருவிக்கு அல்ல என்பது அந்தக் கொல்லருக்குத் தெரியும்.

துப்பாக்கி உலகத்துக்கும் தெரியும். போட்டிக்குச் சுடுபவர்களைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினாரே, அந்த 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் மரப்பிடி மிகச் சிறியது முதல் பெரியது வரை பல அளவுகளில் கிடைக்கிறது. வலக்கைக்குத் தனி, இடக்கைக்குத் தனி. உள்ளங்கையைத் தாங்கும் பலகையை மேலும் கீழும் நகர்த்தலாம். அதுவும் போதாமல் மரத்தூள் பசையை அப்பி, அரம் போட்டு, தங்கள் கையின் பள்ளம் மேட்டுக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. குறைந்தபட்ச விசை இழுவை 500 கிராம். துப்பாக்கி ஒன்றரைக் கிலோ வரை இருக்கலாம். கனமான துப்பாக்கி, இலகுவான விசை. பெண்களுக்கென்று கடையில் விற்பதற்கு நேர் எதிர். பதக்கம் வேண்டுமென்றால் கையை அளக்கத் தெரிகிறது, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள் என்றால் தெரிவதில்லை.

அமெரிக்க ராணுவம் 1985இல் பெரெட்டா எம்9 பிஸ்டலை எடுத்துக்கொண்டது. தடித்த பிடி, தூரத்திலிருக்கும் விசை. சிறிய கைக்காரர்கள் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூன்று அளவுப் பிடிகளை மாற்றிக்கொள்ளக்கூடிய எம்17 வந்தது 2017இல். முப்பத்திரண்டு வருடம்! மாற்றிப் பொருத்தும் பிடி 1990களிலேயே வால்தர் பி99இல் சந்தைக்கு வந்துவிட்டது. ஆக, செய்யத் தெரியாமல் போகவில்லை.

எஃப்.பி.ஐ. கதை இன்னும் சுவாரசியம். 1972இல்தான் அங்கே பெண்களை முகவர்களாகச் சேர்த்தார்கள். 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு முகவர்கள் இறந்ததும், பெரிய தோட்டா வேண்டுமென்று 10 மி.மீ. பக்கம் போனார்கள். அதன் உதைப்பும் துப்பாக்கியின் பருமனும் பலருக்கு ஒத்துவரவில்லை. பிறகு .40க்கு வந்து, கடைசியில் 2010களின் நடுவில் 9 மி.மீ.க்கே திரும்பினார்கள். காரணம், பெரும்பாலோர் அதில்தான் வேகமாகவும் குறி தப்பாமலும் சுடுகிறார்கள். பெரும்பாலோர் என்றால் ஆண்களும்தான். பெண் கையின் பலவீனம் என்று பேசப்பட்டது எல்லார் கைக்கும் பொதுவான சங்கதியாக முடிந்தது. பெண் குறை சொன்னால் அது அவளுடைய குறை, ஆண் சொன்னால் கருவியின் குறை.

இந்த இடத்தில் நம் தோழிகள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆயுதத்தையே எதிர்க்கிற நாம் அதன் பிடி அளவைப் பற்றி ஏன் பேச வேண்டும்? பேசத்தான் வேண்டும். 1986இல் மத்திய ரிசர்வ் காவல் படை முதல் மகளிர் பட்டாலியனைத் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனை ஆயிரம் பெண்கள் இடுப்பில் அரசாங்கத்தின் துப்பாக்கியோடு வேலைக்குப் போய் வருகிறார்கள்! பெரும்பாலும் விவசாயக் குடும்பத்து, கூலிக் குடும்பத்துப் பெண்கள். தையல்காரியின் முதுகுவலியும் ஆசிரியையின் தொண்டைவலியும் நமக்குத் தொழிலாளர் பிரச்சினை என்றால், பயிற்சித் திடலில் வீங்கிய கட்டைவிரலும் அதுதான். சுடும் தேர்வில் எடுக்கிற மதிப்பெண் அவளுடைய வேலையோடு சம்பந்தப்பட்டது. துப்பாக்கி எட்டாததால் குறைந்த மதிப்பெண்ணை அவள் திறமையின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

ஆனால் வேலைக்காகத் துப்பாக்கி ஏந்துகிறவளின் உரிமை வேறு, பயத்தைக் காட்டித் துப்பாக்கி விற்பது வேறு. இரண்டையும் கலக்கத்தான் ‘நிர்பீக்’ செய்தார்கள். சொந்த ஊரில் துப்பாக்கியால் விதவையான பெண்களோடு வேலை செய்யும் மணிப்பூரின் பீனாலட்சுமி நேப்ரம் அன்றே அதைக் கடுமையாக எதிர்த்தார். நம் நாட்டுக் குற்ற ஆவணங்களின்படி, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். அப்பன், மாமன், அண்டை வீட்டான், காதலன், முதலாளி. நகைப்பெட்டியைத் திறந்து யாரைச் சுடச் சொல்கிறீர்கள்? அந்தப் பெட்டி இருக்கும் பீரோவின் சாவி யார் இடுப்பில் இருக்கும்? அமெரிக்காவில் ஜாக்குலின் காம்ப்பெல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கிற கணவனுக்கோ காதலனுக்கோ துப்பாக்கி எட்டுமானால் அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது என்று கண்டார்கள். யார் பெயரில் உரிமம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் செல்லாது. ஒன்றேகால் லட்சம் ரூபாய் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு நான் போகவேயில்லை.

பெண் கையில் துப்பாக்கி வந்தாலே விடுதலை என்ற பேச்சையும் தமிழர்களாகிய நாம் புதிதாகக் கேட்கவில்லை. 1980களிலிருந்து ஈழத்தில் பெண்கள் ஆயுதம் ஏந்தினார்கள். மேடைகளில் அவர்களைப் புதுமைப்பெண் என்றார்கள். 2009க்குப் பின் உயிரோடு மீண்டு வந்தவர்களை அதே சமூகம் எப்படிப் பார்த்தது, யார் அவர்களுக்குப் பெண் கேட்டு வந்தார்கள், யார் வேலை கொடுத்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

எனவே சண்டையைச் சரியான இடத்தில் போடுவோம். பெண்ணுக்கென்று ரோஜா நிறத்திலும் நகைப்பெட்டியிலும் வருவதை வாங்காதீர்கள், வாங்கித்தர வருகிறவனையும் நம்பாதீர்கள். காவல்துறையும் துணைப்படைகளும் அடுத்த முறை கைத்துப்பாக்கிக்கு டெண்டர் விடும்போது, குழல் நீளமும் தோட்டா எண்ணிக்கையும் எழுதுகிற தாளிலேயே எத்தனை பிடி அளவு வேண்டும், விசை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லிக் கேட்போம். அதற்கு முன்னால், படையிலுள்ள பெண்களின் கைகளை யாராவது ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடலாம். கட்டணம் பத்து ரூபாய்.