எட்டாம் பாகம் தேவையா?

2007இல் ஏழு பாகங்களோடு முடிந்த ஹரி பொட்டர் கதைக்கு, 2016இல் எட்டாவதாக ஒரு நூல் வந்தது. அது நாவலல்ல, லண்டனில் மேடையேறிய நாடகத்தின் பிரதி. "முடிந்த கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார்கள் என் தோழிகள். ஐந்தாம் பாகத்தில் உடைந்துபோன காலத்தைத் திருப்பும் கருவி மறுபடி வந்ததை நானும் முதலில் ஏற்கவில்லை.

ஆனாலும் இந்நூல் எனக்குப் பிடித்தது. ஹரியின் மகன் அல்பஸ், தந்தை இருந்த கிரிஃபின்டோர் இல்லத்துக்குத் தெரிவாகவில்லை, ஸ்லிதரினுக்குப் போகிறான். எல்லோரும் அவனைத் தந்தையோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு சண்டையில், நீ என் மகனாக இல்லாதிருந்தால் நல்லதென்று சில வேளை நினைப்பதாக ஹரியே சொல்லிவிடுகிறார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். கற்பிட்டியில் எங்கள் வீட்டிலும் ராத்தா உயிரியல் படித்தார். நான் கலைப்பிரிவைத் தெரிவுசெய்தேன். வாப்பா ஏசவில்லை. ஒரு கிழமை சரியாகப் பேசவுமில்லை. பிறகு ஒருநாள், தமிழ்ப் பாடத்துக்கான கடந்தகால வினாத்தாள்களை வாங்கிவந்து என் மேசையில் வைத்தார்.

வோல்டமோர்ட்டை வெல்ல ஹரிக்கு ஏழு பாகங்கள் போதுமாயிருந்தன. பெற்ற பிள்ளையை விளங்கிக்கொள்ள இன்னுமொன்று தேவைப்பட்டது. ஆகவே எட்டாம் பாகம் தேவைதான். அதைப் பெற்றோரும் வாசிக்கட்டும்.