நீலக்கல் உடைந்த இதயம்

செயற்கை இதய வால்வை மனிதருக்கு முன் ஆட்டுக்குப் பொருத்திப் பார்ப்பது கொடுமையா? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் அனுபவம் யோசிக்க வைக்கிறது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதான ஏழைகளுக்கு இறக்குமதி வால்வு எட்டாக்கனி. எனவே டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழு உள்நாட்டு வால்வு தயாரிக்க இறங்கியது. முதல் இரண்டு மாதிரிகள் தேறவில்லை. மூன்றாவதில் செயற்கை நீலக்கல் தகடு. அது உடைந்தது, ஒரு செம்மறியாட்டின் இதயத்துக்குள். அவசரப்பட்டிருந்தால் உடைந்திருப்பது நோயாளியின் இதயத்துக்குள்.

நான்காவது மாதிரிக்குப் பாலிஎதிலீன் தகடு. ஆடுகளில் தேறிய பிறகே, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். வலியையும் பலியாகும் ஆடுகளின் எண்ணிக்கையையும் குறைப்பது விஞ்ஞானியின் கடமை. அதில் சலுகை கூடாது. ஆனால் சோதனையே கூடாது என்பவர்கள், அந்த நீலக்கல் யார் நெஞ்சில் உடைந்திருக்கலாம் என்றும் சொல்ல வேண்டும்.