உப்பு வரியும் ஜாவா வரியும்

மரக்காணத்து உப்பளங்களில் கடல்நீருக்கு விலையில்லை. பாத்தி கட்டி உப்பு வாருவோரின் உழைப்புக்கே கூலி. அந்நியச் சர்க்கார் விதித்த உப்பு வரியோ ஒவ்வொரு வாயையும் தொட்டது. அதனாலன்றோ 1930-ல் ராஜாஜி வேதாரணியத்திற்கு நடந்தார்!

இன்று கணினி உலகிலும் ஒரு தலைவரி தோன்றியிருக்கிறது. ஜாவா என்னும் நிரல் மேடைக்கு ஆரக்கிள் கம்பெனி 2023 ஜனவரியில் வகுத்த சந்தா முறைப்படி, ஜாவாவைத் தொடாத காவற்காரர் உட்படச் சிப்பந்திகள் அனைவரையும் எண்ணியே கட்டணம். ஆயிரம் பேருக்குட்பட்ட ஸ்தாபனத்திற்குத் தலைக்கு மாதம் 15 டாலர் என்பது விலைப்பட்டியல். பராமரிப்புக்குக் கூலி கேட்பதை நாம் குறை கூறோம்; தலைவரியையே ஆட்சேபிக்கிறோம். ஓபன்ஜேடிகே என்னும் திறந்த வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது. நம் ஸ்தாபனங்கள் அதனைக் கைக்கொண்டு, வேண்டிய உதவிக்கு நம் நிபுணர்களுக்கே கூலி கொடுக்கட்டும்.